சுரங்கப்பாதைப் பழுதும் சரக்கின் அளவும்: காரைக்குடியிலிருந்து அனுப்பும் பெரிய சரக்குக்கு ரயில் வழி தேர்வது எப்படி?

செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றின் முகப்பில் நின்று உள்ளே பார்த்தால், வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என ஒவ்வொன்றின் வாசலும் ஒரே நேர்கோட்டில் அமைந்து, பின்தெருவின் வெளிச்சம் வரை கண்ணுக்குத் தெரியும். அந்த வீட்டுக்குள் ஒரு தேக்குத் தூணையோ நெல் பத்தாயத்தையோ கொண்டுசெல்லும் ஆசாரி, முகப்பின் அகலத்தைப் பார்த்து முடிவு செய்யமாட்டார். கடைசி வரை நடந்துபோய், எந்த நிலைவாசல் எல்லாவற்றிலும் சிறியது என்று அளந்துவிட்டு வந்த பிறகே ஆட்களைத் தூக்கச் சொல்வார். ரயிலில் பெரிய சரக்கை அனுப்புகிறவரும் இதையே செய்ய வேண்டும். பாதை ஆயிரம் கிலோமீட்டர் நீண்டதாக இருக்கலாம். சரக்கு போகுமா போகாதா என்பதை அந்தப் பாதையில் மிகக் குறுகலான ஓரிடமே தீர்மானிக்கிறது, மலைநாட்டு வழிகளில் அந்த இடம் பெரும்பாலும் ஒரு சுரங்கப்பாதையாக இருக்கிறது.

நமக்கு இது எளிதில் மறந்துபோகும் விஷயம். புதுக்கோட்டை, திருமயம், செட்டிநாடு, கோட்டையூர், காரைக்குடி, தேவகோட்டை ரோடு, கல்லல், சிவகங்கை, மானாமதுரை என நம் ஊர்களின் வழியாகப் போகும் பாதை முழுவதும் சமவெளி. குடைந்து செல்ல மலை ஏதும் இல்லை. ஆகவே இங்கே ஏற்றப்படும் சரக்கு, ஏற்றிய இடத்தில் எந்தத் தடையும் இல்லாமல் நகர்ந்துவிடுகிறது. தடை வெகுதூரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையில், யாருக்கும் முன்கூட்டித் தோன்றாத ஓரிடத்தில் காத்திருக்கிறது. பல ஆண்டுகளாகக் காரைக்குடியில் சரக்கு அனுப்பும் வேலையில் இருந்தவன் என்ற முறையில், அந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். பட்டறைகளில் இரும்புக் குழாய்களும் கொதிகலன் பாகங்களும் செய்து அனுப்புகிறவர்களையும், கன்டெய்னரில் ஏற்றுமதி செய்கிறவர்களையும் மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: தண்டவாளத்தின் தலையிலிருந்து அளவெடுங்கள்

பட்டறைத் தரையில் கிடக்கும் சரக்கின் உயரத்தை அளந்து எழுதிக்கொள்வதுதான் நான் அதிகம் கண்ட தவறு. ரயில்வேயின் எல்லா உயர அளவுகளும் தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து தொடங்குகின்றன. எனவே வேகன் தளத்தின் உயரம், அதன்மேல் அடுக்கும் மரக்கட்டைகளின் உயரம், சரக்கின் உயரம், அதற்கு மேல் கட்டும் சங்கிலி அல்லது தார்ப்பாயின் முடிச்சு ஆகிய நான்கையும் கூட்டினால் கிடைப்பதே உங்கள் உண்மையான உயரம்.

வேகனைத் தேர்வதிலேயே எவ்வளவு வேறுபாடு வருகிறது என்பதற்கு ஒரு கணக்கு. உயரம் கூடிய கன்டெய்னர் ஒன்றின் உயரம் 2,896 மில்லிமீட்டர். கன்டெய்னருக்கென்றே தாழ்வாகக் கட்டப்பட்ட பிஎல்சி வகை வேகனின் தளம் தண்டவாளத்திலிருந்து 1,009 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக மொத்தம் 3,905. அதே கன்டெய்னரை ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டர் உயரத் தளமுள்ள சாதாரணத் தட்டை வேகனில் வைத்தால், மொத்த உயரம் 4,200 அளவுக்கு வந்துவிடுகிறது. சரக்கு ஒன்றுதான், ஏறத்தாழ ஒரு அடி வித்தியாசம் வேகனால் மட்டுமே ஏற்பட்டது.

இந்த இடத்தில் என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. ஒருமுறை ஓர் ஆலைக்குப் போகவேண்டிய தகரக் காற்றுக்குழாயைப் பட்டறையில் நானே அளந்தேன். அடியில் வைக்கவிருந்த மரக்கட்டைகளின் உயரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. வழியில் ஒரு யார்டில் சரக்கைச் சோதித்தவர்கள் அந்த வேகனை ரேக்கிலிருந்து, அதாவது சேர்ந்து ஓடும் வேகன் தொடரிலிருந்து, கழற்றி நிறுத்திவிட்டார்கள். நான்கு நாள் கழித்து, கட்டைகளை மாற்றி வைத்த பிறகே அது நகர்ந்தது. அவர்கள் நிறுத்தியது முற்றிலும் சரி. நிறுத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே மனம் ஒப்பவில்லை. அன்று முதல், வேகனில் ஏற்றிக் கட்டி முடித்த பிறகு இரண்டாவது முறை அளக்காமல் நான் எந்தச் சரக்கையும் அனுப்பியதில்லை.

இரண்டாம் படி: ஒவ்வொரு உயரத்திலும் அகலம் என்ன என்று குறியுங்கள்

உயரம் ஒன்று, அகலம் ஒன்று என இரண்டு எண்களை மட்டும் எழுதிக்கொண்டு போனால் பயனில்லை. இந்திய அகல ரயில் பாதையில், தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட தூரம் 1,676 மில்லிமீட்டர்; அதில் ஓடும் வண்டியும் சரக்கும் அடங்க வேண்டிய எல்லைக்கோட்டை ரயில்வேயின் அளவு அட்டவணை வரைந்து தருகிறது. அதன்படி அகலம் அதிகபட்சம் 3,250 மில்லிமீட்டர், நடுவில் உயரம் 4,265, பக்கவாட்டு விளிம்பில் உயரம் 3,735. கூரை போல நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் இந்த வடிவம்தான் மிக முக்கியமானது. சுரங்கப்பாதையின் மேற்புறம் வில் போல வளைந்திருப்பதால், நடுவில் எவ்வளவு இடம் இருந்தாலும் சரக்கின் மேல்மூலைதான் முதலில் சுவரைத் தொடும்.

மேலே சொன்ன 3,905 மில்லிமீட்டர் கன்டெய்னரை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். நடு உயரமான 4,265ஐ மட்டும் பார்த்தால் தாராளமாக அடங்குவது போலத் தோன்றும். ஆனால் கன்டெய்னரின் மேற்புறம் தட்டையானது. மையத்திலிருந்து 1,219 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் அதன் மூலையும் அதே 3,905 உயரத்தில்தான் நிற்கிறது. அந்த மூலை எல்லைக்கோட்டுக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று வரைபடத்தில் வைத்துப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது.

ஆகவே ஒரு கட்டம்போட்ட தாளில் நடுக்கோடு ஒன்றை வரைந்து, சரக்கின் உருவம் எங்கெல்லாம் மாறுகிறதோ அங்கெல்லாம் தண்டவாளத்திலிருந்து உயரத்தையும், நடுக்கோட்டிலிருந்து இடப்புற அகலத்தையும் வலப்புற அகலத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள். துருத்திக்கொண்டிருக்கும் ஒரு குழாய் முனை, தூக்குவதற்காகப் பற்றவைத்த ஒரு காது, ஒரு போல்ட் தலை, எதையும் விடவேண்டாம்.

மூன்றாம் படி: வளைவுகளுக்கு இடம் ஒதுக்குங்கள்

நேர்பாதையில் அடங்கிய சரக்கு வளைவில் அடங்காமல் போவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நீண்ட வேகன் அதன் அடியிலுள்ள போகிகள் என்னும் இரண்டு சக்கரத் தொகுதிகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், வளைவில் அதன் நடுப்பகுதி உட்புறமாகவும் முனைகள் வெளிப்புறமாகவும் தள்ளிப்போகின்றன. மேலும், வேகமாகப் போகும் வண்டி கவிழாமல் இருக்க வெளிப்புறத் தண்டவாளம் உயர்த்தப்பட்டிருப்பதால், வண்டி முழுவதும் உட்புறம் சாய்கிறது. சரக்கு எவ்வளவு உயரமோ அவ்வளவு அதிகமாக அதன் உச்சி உள்ளே வருகிறது.

கணக்கு கடினமானதன்று. போகி மையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை வளைவு ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் நடுப்பகுதி எவ்வளவு தள்ளும் என்பது கிடைக்கும். ரயில்வேயின் அட்டவணை அடிப்படையாகக் கொள்ளும் வண்டியில் போகி மையத் தூரம் 14.785 மீட்டர், மொத்த நீளம் 21.34 மீட்டர். நம் நாட்டில் ஒரு டிகிரி வளைவின் ஆரம் 1,750 மீட்டர். நான்கு டிகிரி வளைவென்றால் 437.5 மீட்டர். அந்த வளைவில் நடுப்பகுதி 62 மில்லிமீட்டர் உள்ளே வரும், முனைகள் 68 மில்லிமீட்டர் வெளியே போகும். வெளித்தண்டவாளம் 75 மில்லிமீட்டர் உயர்த்தப்பட்டிருந்தால், 4 மீட்டர் உயரத்திலுள்ள சரக்கின் உச்சி மேலும் 171 மில்லிமீட்டர் உள்ளே சாயும். இரண்டையும் கூட்டினால் 233 மில்லிமீட்டர். அதாவது, நேர்பாதையில் சுவருக்கும் சரக்குக்கும் இடையே 300 மில்லிமீட்டர் இருந்தாலும், இந்த வளைவில் எஞ்சுவது 67 மட்டுமே. வண்டியின் ஆட்டத்தை இன்னும் கழிக்கவில்லை.

மலைப்பாதைச் சுரங்கங்கள் பல வளைவிலேயே அமைந்தவை என்பதை நினைவில் வைத்தால், இந்தப் படியை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பது விளங்கும்.

நான்காம் படி: உங்கள் சரக்கு எந்த வகுப்பு?

எல்லைக்கோட்டைத் தாண்டும் சரக்கை ரயில்வேயில் ஓடிசி என்பார்கள். அளவு மீறிய சரக்கு என்று பொருள். அளவு மீறிவிட்டதாலேயே அது போகக்கூடாது என்றில்லை. வழியிலுள்ள கட்டுமானங்களுக்கும் சரக்குக்கும் இடையே வண்டி நிற்கும்போது உள்ள இடைவெளி, வளைவையும் ஆட்டத்தையும் கழித்த பிறகு எஞ்சும் இடைவெளி என இரண்டு கணக்குகள் போட்டு அதை ஏ, பி, சி எனப் பிரிக்கிறார்கள். கழித்த பிறகும் ஏறத்தாழ 150 மில்லிமீட்டர் இருந்தால் ஏ. அதற்குக் கீழே 75 வரை பி. அதற்கும் குறைந்தால் சி. பழைய அங்குலக் கணக்கில் ஆறு அங்குலம், மூன்று அங்குலம் என்பதே இதன் மூலம், இன்றும் மூத்த ஊழியர்கள் அப்படியே சொல்வார்கள். வகுப்பு இறங்க இறங்க அனுமதி தருகிற அதிகாரியின் நிலை உயரும், வேகம் குறையும், பகலில் மட்டும் ஓட வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் கூடும்.

மின்கம்பிக்குத் தனிக் கணக்கு. நம் பகுதிப் பாதைகளிலும் இப்போது மேலே 25,000 வோல்ட் கம்பி ஓடுகிறது. சரக்கின் உச்சிக்கும் கம்பிக்கும் இடையே 390 மில்லிமீட்டர் இருந்தால் கட்டுப்பாடு இல்லை. 340 முதல் 390 வரை என்றால் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போக வேண்டும். 340க்கும் கீழே என்றால் மின்சாரத்தை நிறுத்திவிட்டே கடக்க முடியும். சுரங்கத்துக்குள் கம்பியைத் தாழ்த்தியே கட்டியிருப்பார்கள் என்பதால், வெட்டவெளியில் சரியாக இருந்த சரக்கு சுரங்க வாயில் வந்ததும் இந்த விதியில் மாட்டிக்கொள்ளும்.

ஐந்தாம் படி: வழிகளை எழுதி, ஒவ்வொன்றிலும் மலையைக் குறியுங்கள்

காரைக்குடியிலிருந்து கொல்லத்துக்கு ஒரு சரக்குப் போகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் குறுக்கு வழி தெளிவாகத் தெரியும்: மானாமதுரை, அருப்புக்கோட்டை, விருதுநகர், இராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை, புனலூர், கொல்லம். ஆனால் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே மலை. 1904இல் மீட்டர் கேஜாகத் திறக்கப்பட்ட அந்தப் பாதை, 2018இல்தான் முழுவதும் அகலப்பாதையானது. சுரங்கங்களும் பதின்மூன்று கண் பாலமும் செங்குத்தான ஏற்றமும் கொண்ட அந்தப் பகுதியில் அளவும் எடையும் வேகமும் எல்லாமே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. மாற்று வழி திருச்சி, கரூர், ஈரோடு, கோயம்புத்தூர், பாலக்காடு என்று சுற்றிப் போகிறது. பார்க்க நீளம், ஆனால் பாலக்காட்டுக் கணவாய் என்ற இயற்கையான வாசல் அங்கே இருப்பதால் மலையைக் குடையாமலே கேரளத்துக்குள் இறங்கிவிடலாம். பெரிய சரக்குக்கு நீளமான இந்த வழியே பலமுறை சீக்கிரம் போய்ச்சேரும் வழியாக முடிவதைப் பார்த்திருக்கிறேன்.

மும்பைப் பக்கம் போகும் சரக்குக்கு மூன்று வழிகளை எழுதுங்கள். பாலக்காடு, மங்களூரு வழியாகக் கொங்கண் பாதையில் போனால், ரத்னகிரிக்கு அருகே ஆறரைக் கிலோமீட்டர் நீளமுள்ள கர்புடே உட்பட ஏறத்தாழ 90 சுரங்கங்கள். குண்டக்கல், வாடி, புணே வழியாகப் போனால், 1863இல் திறக்கப்பட்ட போர் காட் என்ற மலைப்பாதையின் இறக்கத்தில் 37க்கு 1 என்ற சரிவும் பழைய சுரங்கங்களும். இவ்விரண்டும் ஆகாதென்றால், புசாவல், ஜல்காவோன், சூரத் எனத் தபதி ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பிடித்து, தொடர்ச்சி மலை முடிகிற இடத்தைச் சுற்றிக்கொண்டு வடக்கிலிருந்து இறங்கும் நெடுவழி.

ஆறாம் படி: பழுதுவேலை என்ன என்று கேளுங்கள்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். பலரும் சுரங்கத்தின் அளவு கல்லில் வெட்டியதால் மாறாதது என்று நினைக்கிறார்கள். அது மாறிக்கொண்டே இருக்கிறது.

சுரங்கத்துக்கு முதல் பகை தண்ணீர். மழைநீர் பாறை இடுக்குகளில் இறங்கி, செங்கல் அல்லது கான்கிரீட் உட்பூச்சின் பின்னால் தேங்கி, அதைத் தள்ளுகிறது. களிமண் இருந்தால் ஊறி வீங்குகிறது. அடியில் போனால் ஜல்லியைச் சேறாக்குகிறது. கோவாவிலுள்ள பெர்னம் சுரங்கத்தில் 2020 ஆகஸ்டில் கனமழையின்போது சுவரின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதே சுரங்கத்தில் 2024 ஜூலையில் நீர் ஊற்றெடுத்துப் பாதைக்குள் புகுந்தபோது, கேரளத்திலிருந்து வடக்கே போகும் சில ரயில்கள் ஷொர்ணூரிலிருந்து ஈரோடு வழியாகத் தமிழ்நாட்டுக்குள் திருப்பிவிடப்பட்டன. கோவாவில் ஊறிய தண்ணீருக்காக ஈரோட்டில் நெரிசல். நம் சரக்கும் அந்த வரிசையில்தான் காத்திருக்க வேண்டும். ஆகவே தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மேற்கு நோக்கி அளவு மீறிய சரக்கு அனுப்புவதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

பழுது பார்க்கும் ஒவ்வொரு முறையும் இடைவெளியை ஒவ்வொரு விதமாக மாற்றுகிறது. சுவருக்குப் பின்னால் சிமென்ட் குழம்பைச் செலுத்தி வெற்றிடத்தை அடைப்பதாலும், பாறையில் இரும்புத் தண்டுகளை அடித்து இறுக்குவதாலும் உள்ளளவு பெரிதாகக் குறைவதில்லை. கான்கிரீட்டைப் பீய்ச்சி அடித்துப் புதுப்பூச்சு பூசினால், பூச்சின் கனம் அப்படியே இடைவெளியிலிருந்து கழிகிறது. இரும்பு வளையங்களை உட்புறம் நிறுத்தித் தாங்கு கொடுத்தால் இன்னும் அதிகம் கழிகிறது. வேலை நடக்கும் நாட்களில் சாரம் கட்டியிருந்தால், அந்தச் சில வாரங்களுக்குச் சுரங்கத்தின் அளவு சாரத்தின் அளவுதான்.

இவற்றைவிட எளிதில் கண்ணுக்குத் தப்புவது தண்டவாளத்தின் உயரம். ஜல்லி போட்டு இயந்திரத்தால் இறுக்கும் ஒவ்வொரு தடவையும் பாதை சிறிது மேலேறுகிறது, கூரை அசைவதில்லை. பல ஆண்டுகளில் இப்படிச் சேரும் உயர்வு, பழைய பதிவேட்டிலுள்ள எண்ணைப் பொய்யாக்கிவிடும். எனவே பழைய அனுமதி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, போன முறை போனதே என்று வாதாடுவதில் பொருளில்லை.

இடைவெளியைக் கூட்டும் வேலைகளும் உண்டு: கூரையின் இரு மூலைகளை மட்டும் செதுக்குவது, தண்டவாளப் படுகையைத் தோண்டித் தாழ்த்துவது, ஜல்லியை எடுத்துவிட்டுக் கான்கிரீட் தளத்தில் தண்டவாளத்தைப் பதிப்பது. அமெரிக்காவில் அப்பலாச்சியன் மலைகளைக் கடக்கும் ஒரு சரக்குப் பாதையில், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கன்டெய்னர் ஏற்றிய ரயில் போவதற்காக 28 சுரங்கங்களை இப்படி உயர்த்தி 2010இல் திறந்தார்கள். பால்டிமோர் நகரின் அடியில் 1895இல் கட்டப்பட்ட ஹாவர்ட் தெருச் சுரங்கத்தையும் அதே நோக்கத்துக்காக 2025 பிப்ரவரியில் மூடி வேலை செய்தார்கள். அத்தனை மாதங்களும் சரக்கு ரயில்கள் வெகுதூரம் சுற்றிப் போயின. நம் பக்கத்தில் கோட்டயத்தில் வேறு தீர்வு கண்டார்கள்: 2022இல் இரட்டைப்பாதை அமைத்தபோது, பழைய இரு சுரங்கங்களையும் விட்டுவிட்டுப் பக்கத்தில் திறந்தவெளியில் பாதை போட்டார்கள்.

ஏழாம் படி: கேட்க வேண்டியவற்றை எழுத்தில் கேளுங்கள்

காரைக்குடி சந்திப்பு தெற்கு ரயில்வேயின் மதுரைக் கோட்டத்தில் வருகிறது. கிழக்கே பட்டுக்கோட்டை, திருவாரூர்ப் பாதை திருச்சிக் கோட்டத்தைச் சேர்ந்தது. சரக்கு எத்தனை கோட்டங்களைக் கடக்கிறதோ அத்தனை கோட்டங்களின் ஒப்புதலும் வேண்டும் என்பதால், வேகனுக்குப் பதிவு செய்வதற்கு வெகு முன்னரே வரைபடத்தோடு விண்ணப்பியுங்கள். கோட்ட அலுவலகத்தில் கேட்க வேண்டியவை: வழியிலுள்ள சுரங்கங்களில் எது மிகக் குறுகியது, அதன் இடைவெளி கடைசியாக எப்போது அளக்கப்பட்டது, அதன்பின் பூச்சு அல்லது ஜல்லி வேலை நடந்ததா, நாம் அனுப்பும் வாரத்தில் பாதையை மூடி வேலை செய்யும் பிளாக் ஏதேனும் உண்டா, எந்த நேரத்தில், திடீரென மூடப்பட்டால் மாற்று வழிக்கும் இதே அனுமதி செல்லுமா, சுற்றிப்போனால் கட்டணத் தூரம் எப்படிக் கணக்கிடப்படும். கடைசிக் கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்காமல் வாடிக்கையாளரிடம் விலை சொல்லவேண்டாம்.

மாற்று வழிக்கான அனுமதியையும் முதலிலேயே சேர்த்துக் கேட்பது கூடுதல் வேலையாகத் தோன்றலாம். ஆனால் அளவு மீறிய சரக்கை மற்ற ரயில்களைப் போல நினைத்த வழியில் திருப்ப முடியாது. அனுமதிக் கடிதத்தில் எழுதிய பாதையில் மட்டுமே அது போகலாம். சுரங்கம் மூடப்பட்ட நாளில் பயணிகள் ரயில்கள் சுற்றிப் போய்விடும், உங்கள் வேகன் மட்டும் ஏதோ ஒரு யார்டில் நிற்கும்.

எட்டாம் படி: ஏற்றும் நாளும் அதன் பின்னும்

மரக்கட்டை, சங்கிலி, தார்ப்பாய் எல்லாம் கட்டி முடித்த பிறகு, ரயில்வே ஊழியர் முன்னிலையில் மீண்டும் அளந்து, கூட்டு அறிக்கையில் கையெழுத்து வாங்குங்கள். எடை நடுக்கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருபக்கம் பாரம் கூடினால் வேகன் சாய்ந்து, மூன்றாம் படியில் போட்ட கணக்கு முழுவதும் மாறிவிடும். தார்ப்பாயைக் காற்று புகுந்து உப்பாதபடி இழுத்துக் கட்டுங்கள். பச்சை மரக்கட்டையைத் தாங்கலாக வைக்காதீர்கள். காய்ந்து சுருங்கினால் கட்டு தளர்ந்து சரக்கு நகரும்.

மலை ஏறுவதற்கு முந்தைய பெரிய நிலையத்தில், செங்கோட்டை வழியென்றால் தென்காசியிலோ செங்கோட்டையிலோ, உங்கள் ஆள் ஒருவர் அளவு நாடாவோடும் அனுமதிக் கடிதத்தின் நகலோடும் இருப்பது நல்லது. அங்கே கட்டுகளை இறுக்கி, உச்சியையும் இரு மேல்மூலைகளையும் அளந்து, காரைக்குடியில் எழுதிய எண்களோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் உடனே நிலைய அதிகாரியிடம் சொல்லச் சொல்லுங்கள். சரக்கு இறங்கிய பிறகு, அந்தப் பயணத்தின் தேதி, வேகன் வகை, அளவுகள், கடந்த சுரங்கங்கள், எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்பவற்றை ஒரு பேரேட்டில் பதிந்து வையுங்கள்; அடுத்த சரக்குக்கு விண்ணப்பம் எழுதும்போது, முதலில் திறக்க வேண்டியது அந்தப் பேரேட்டைத்தான்.